பன்னிரண்டு மாத ஒழுக்கம்

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து வாடகைக் குடித்தனக்காரர்களிடம் ஒழுக்கம் கிடையாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நிதி ஆலோசகர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவன் தெருமுனையில் சுயா வாங்கித் தின்கிறான். காரப்பொடி தடவிச் சுட்ட அந்த நாலு கறித்துண்டில் அவன் வீட்டுக் கூரை போயிற்று. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் ஒரே துணியில் உடுப்புத் தைத்துக்கொள்கிற அசோ எபிக்கு ஒருத்தி பணம் கட்டுகிறாள், ஜன்னல் போயிற்று. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் ஏதோ அனுப்புகிறார்கள், கதவும் போயிற்று. மின்சாரம் இல்லாத ராத்திரியில் சின்ன ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். ‘பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்’ என்று அந்த ஜெனரேட்டருக்கே ஊரார் கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் சுவரும் போயிற்று. இந்த நாலு பாவத்தையும் விட்டொழித்தால் ஆண்டுக் கடைசியில் வீட்டு வாடகை தானாகச் சேர்ந்துவிடும் என்பது உபதேசம். உபதேசம் முடிந்ததும் குளிரூட்டிய அரங்கின் வாசலில் புத்தகம் விற்பார்கள்.

நைஜீரியாவில் வீட்டு வாடகையைப் பெரும்பாலும் மாதாமாதம் வாங்குவதில்லை. ஆண்டு வாடகை. அதுவும் ஆண்டு தொடங்கும் முன்பே, ஒரே தவணையில், எண்ணி வைத்த பிறகுதான் சாவியைத் தொடலாம். சம்பளம் மட்டும் உலக வழக்கப்படி மாதம் முழுக்க உழைத்து முடித்த பிறகு வருகிறது. வருகிற பணம் பின்னால் வருகிறது, போகிற பணம் முன்னால் போகிறது. நடுவில் பன்னிரண்டு மாத அகலத்துக்கு ஒரு பள்ளம். அதை மூட அரசாங்கத்திடம் திட்டம் இல்லை, வங்கியிடம் மனம் இல்லை. ஆலோசகரிடம் மட்டும் ஒரு சரக்கு தாராளமாக இருக்கிறது. ஒழுக்கம். அள்ளி அள்ளிக் கொட்டுகிறார்.

மாதக் கடைசியில் சம்பளம் வரும் என்று சொன்னேன். அதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். 2015 இல் நைஜீரியாவின் பல மாநில அரசுகள் தங்கள் ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்திருந்தன. கடைசியில் மத்திய அரசு வந்து கைதூக்கிவிட வேண்டியதாயிற்று. அந்த ஆளுநர்களுக்கு யாரும் உண்டியல் வாங்கிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஆலோசகர்களுக்குக் கணக்கு பிடிக்கும். 2024 ஜூலையில் அதிபர் போலா தினுபு குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 70,000 நைராவாக உயர்த்திக் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 8,40,000 நைரா. நகரத்தின் மையத்திலிருந்து தள்ளி, தனிக் குளியலறையோடு ஒரே ஒரு அறை. அதற்கு ஆண்டு வாடகை 6,00,000 நைரா என்று வைத்துக்கொள்வோம். லாகோஸில் இப்படிச் சொன்னால் ‘எங்கே அந்த வீடு, முகவரி கொடு’ என்று சட்டையைப் பிடிப்பார்கள். இருந்தாலும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வீடு காட்டிய தரகருக்குப் பத்து சதவீதம், 60,000. ஒப்பந்தப் பத்திரம் எழுதும் வக்கீலுக்கு இன்னொரு பத்து சதவீதம், 60,000. அந்தப் பத்திரம் வீட்டுக்காரரைக் காப்பதற்கு. கூலி கொடுப்பது குடிவருகிறவர். எதையாவது உடைத்துவிட்டால் என்று ஒரு காப்புத்தொகை, அது இன்னொரு 60,000. காலி செய்யும்போது திரும்பி வரும் என்பது ஐதீகம். மொத்தம் 7,80,000. சம்பளத்தில் மீதி 60,000 நைரா. அதாவது மாதத்துக்கு 5,000. ஒரு நாளைக்கு 166 நைரா சொச்சம். 2024 இல் ஒரு முழு ரொட்டியின் விலை ஆயிரம் நைராவைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒழுக்கமுள்ள குடித்தனக்காரர் வாரத்துக்கு ஒரு ரொட்டி வாங்கி, தினமும் அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தின்னலாம். சுயாவை எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. அவர் அதை எந்தக் காசில் தொடங்கினார் என்று ஆலோசகர்தான் விளக்க வேண்டும்.

லாகோஸ் மாநில அரசு தன் ஊழியர்களுக்கு மட்டும் 85,000 நைரா என்று தாராளம் காட்டியது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு நாலு ரொட்டி தேறும். இரண்டாம் ஆண்டில் தரகரும் வக்கீலும் விலகிக்கொள்வார்கள் என்பதும் உண்மை. அவர்கள் எழுந்து போன நாற்காலியில் வாடகை உயர்வு வந்து உட்காரும்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நாம் இதைப் படித்துவிட்டு ‘நம்ம ஊர் பரவாயில்லை’ என்று பெருமூச்சு விடலாம். காலி செய்யும் நாளில் பெயிண்ட் காசு, ஆணி அடித்த காசு எல்லாம் போக, மீதி என்று ஒன்றாவது நம் கைக்குத் திரும்பும். லாகோஸில் கட்டியது கரைந்தே போகும். அடுத்த ஆண்டு மறுபடியும் முழுத் தொகையோடு வாசலில் நிற்க வேண்டும். இந்த ஆண்டுக்கான வாடகை வீட்டுக்காரரிடம், அடுத்த ஆண்டுக்கான வாடகை உண்டியலில். அந்த மனிதர் ஒரே சமயத்தில் இரண்டு ஆண்டுகளில் குடியிருக்கிறார், ஒரே அறையில்.

அப்படி ஒன்றும் சேமிக்கத் தெரியாத ஜனங்களா இவர்கள்? எனக்குக் கோபம் வருகிற இடம் இது. லாகோஸ் பக்கத்து யோருபா மக்களிடம் எசுசு என்றொரு ஏற்பாடு உண்டு. நம் ஊர்ச் சீட்டேதான். பத்துப் பேர் கூடுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள், முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுப்பார்கள். இவர்களின் இனத்தாரைச் சங்கிலியில் பிணைத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி விற்றார்கள். எதையும் எடுத்துப் போக விடவில்லை. சீட்டுப் போடும் பழக்கம் மட்டும் தலைக்குள் ஒளிந்து போய்ச் சேர்ந்தது. டிரினிடாடில் இன்றைக்கும் சூசூ என்ற பேரில் அது நடக்கிறது. அடிமைக் கப்பலில்கூடச் சேமிப்பை விடாத வம்சத்தைக் கூட்டி உட்காரவைத்து, ‘முதலில் உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வகுப்பு எடுக்கிறார் ஒருவர், கழுத்தில் டை கட்டிக்கொண்டு.

எசுசு மட்டுமா? அஜோ இருக்கிறது. சந்தையில் தக்காளி விற்கும் பெண்ணிடம் அலாஜோ என்கிற ஆள் தினமும் வருவார், ஒரு தொகை வாங்கிக்கொள்வார், அட்டையில் குறித்துக் கொடுப்பார். மாதக் கடைசியில் மொத்தத்தையும் திருப்பித் தருவார். ஒரு நாள் பணம் அவருக்குக் கூலி. வட்டி வாங்குவது இருக்கட்டும், தன் பணத்தைத் தன்னிடமிருந்தே காப்பாற்றுவதற்கு எதிர்வட்டி கொடுக்கிறாள் அந்தப் பெண். இதற்கு மேல் என்ன ஒழுக்கம் வேண்டும்? மேலே ஒரு கீறல் போட்ட மரப்பெட்டியும் வீட்டுக்கு வீடு உண்டு, கோலோ என்பார்கள். உடைத்தால்தான் பணம் வரும்.

அந்தப் பெட்டியில்தான் நவீன நைஜீரியாவின் புகழ்பெற்ற சேமிப்புக் கதை தொடங்குகிறது. ஒரு பெண் 2015 ஆம் ஆண்டு முழுக்க நாளுக்கு 1,000 நைரா மரப்பெட்டியில் போட்டார். டிசம்பர் கடைசியில் பெட்டியை உடைத்துப் படம் பிடித்துப் போட்டார். 3,65,000 நைரா. நாடே கைதட்டியது. அதைப் பார்த்த சில இளைஞர்களுக்குப் பொறி தட்டியது, 2016 இல் ஒரு சேமிப்புச் செயலி பிறந்தது, அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அந்தப் பெண்ணின் மன உறுதியில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இளைஞர்களின் சாமர்த்தியத்திலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு ‘அவளால் முடியும்போது உன்னால் ஏன் முடியாது?’ என்று ஊரெல்லாம் மிரட்டினார்களே, அவர்களுக்கு ஒரு தகவல். 2015 இல் நைஜீரியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 18,000 நைரா. ஒரு நாளைக்கு 600. தினம் 600 சம்பாதிக்கிறவன் தினம் 1,000 சேமிக்க வேண்டுமானால் அவனுக்கு வேண்டியது மரப்பெட்டி இல்லை, அச்சு இயந்திரம்.

அந்த அச்சு இயந்திரத்தை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னொரு கதை. 2023 மே 29 அன்று தினுபு பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்தது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாளிலேயே லாகோஸில் 500ஐ ஒட்டி நின்றது. அடுத்த ஆண்டுக் கடைசிக்குள் 1,000ஐத் தொட்டது. மானியம் போன இரண்டு வாரத்தில் நைராவையும் சந்தையில் அவிழ்த்துவிட்டார்கள். டாலருக்கு 470 அளவில் இருந்தது 2024 இல் 1,500ஐத் தாண்டி ஓடியது. 2019 இல் சட்டமான 30,000 நைரா சம்பளத்துக்கு அன்றைக்கு எண்பது டாலருக்கு மேல் கிடைத்தது. 2024 இன் ‘வரலாறு காணாத உயர்வு’ 70,000 நைராவுக்கு ஐம்பது டாலர்கூட இல்லை. இப்படி உயர்த்தித் தாழ்த்துவதற்குத் தனித் திறமை வேண்டும். தினுபு எட்டு ஆண்டு லாகோஸின் ஆளுநராக இருந்தவர். ஆகையால் லாகோஸ் வாடகை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் செய்துவிட்டார் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

2024 டிசம்பரில் விலைவாசி உயர்வு 34.8 சதவீதம் என்று அரசின் புள்ளிவிவரத் துறையே சொன்னது. ஜனவரியில் கோலோவுக்குள் போட்ட நூறு நைரா டிசம்பரில் எழுபத்து நாலு நைராவின் வேலையைத்தான் செய்யும் என்று அர்த்தம். பெட்டியை யாரும் உடைக்கவில்லை, உள்ளே இருந்த காசில் கால்வாசி காணவில்லை. அடுத்த மாதமே அரசு ஒரு காரியம் செய்தது. கணக்கிடும் அடிப்படை ஆண்டை மாற்றியது. 2025 ஜனவரியில் விலைவாசி உயர்வு 24 சதவீதச் சொச்சம் என்று இறங்கியது. ரொட்டிக்கடைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று நம் பெரியவர்கள் சொன்னது வீடு கட்டியவனை நினைத்து. லாகோஸில் வீடு குடியிருப்பவனைத் தின்கிறது, கட்டியவன் உட்கார்ந்து பார்க்கிறான். அந்த 6,00,000 நைராவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 50,000 என்று அவ்வப்போது தர வேண்டிய பணத்தை முதல் நாளே கொடுத்தாயிற்று. பன்னிரண்டாம் மாத வாடகை பதினோரு மாதம் முன்கூட்டியே போய்விட்டது. இதற்கு வேறு பெயர் உண்டு, கடன். வட்டியில்லாக் கடன். கொடுப்பவர் ஓட்டல் சிப்பந்தி, பள்ளிக்கூட வாத்தியார், டான்ஃபோ வேனில் தொங்கிக்கொண்டு காசு வாங்கும் பையன். வாங்குபவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். 2024 இல் நைஜீரிய அரசின் ஓராண்டுக் கருவூலப் பத்திரம் 20 சதவீதத்தை ஒட்டி வட்டி தந்தது. அந்த விகிதத்தில் பார்த்தால் முன்கூட்டி வாங்கிய பணத்தில் வீட்டுக்காரர் சம்பாதிக்கக்கூடியது 55,000 நைரா. ஒரு மாத வாடகையைவிடக் கூட. பன்னிரண்டு மாதம் குடியிருந்தவர் பதின்மூன்று மாதத்துக்குக் கட்டியிருக்கிறார், அவருக்கே தெரியாமல். பணக்காரனுக்கு ஏழை கடன் கொடுக்கிற இந்த அதிசயத்தைப் பற்றி எந்தச் சேமிப்புப் புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை. நாலு கறித்துண்டைப் பற்றி ஒரு பாகமே இருக்கிறது.

இந்தச் சந்தையில் கடைசியாக வந்து கடை விரித்தவர்கள் வாடகைக் கடன் கொடுப்பவர்கள். உங்கள் ஆண்டு வாடகையை அவர்கள் ஒரே தவணையில் வீட்டுக்காரருக்குக் கட்டிவிடுவார்கள். நீங்கள் அவர்களுக்கு மாதாமாதம் கட்டினால் போதும், வட்டியோடு. யோசித்துப் பாருங்கள். மாத வாடகை என்பது நைஜீரியாவில் நடைமுறைக்கே ஒத்துவராது என்று அத்தனை பேரும் சத்தியம் செய்கிறார்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து வட்டி வாங்கினால் அன்றைக்கே ஒத்துவந்துவிடுகிறது! மாதாமாதம் கட்டும் ஒழுக்கம் குடித்தனக்காரருக்கு இல்லை என்றார்களே, அது இவர்களுக்குக் கட்டும்போது மட்டும் எங்கிருந்து முளைக்கிறது? மாத வாடகைத் திட்டம் கொண்டுவருகிறோம் என்று லாகோஸ் மாநில அரசும் பல முறை அறிவித்தாயிற்று. அறிவிப்புகளைத்தான் ஒழுங்காக மாதாமாதம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் சொல்ல இருக்கிறது, சொல்லாமல் விட்டால் அங்கதம் வசவாகிவிடும். லாகோஸில் சாதாரண ஆள் வீடு கட்டுவது தண்டனை. வங்கிக் கடன் வட்டி முப்பது சதவீதத்தை ஒட்டிப் போனால் எவன் கடன் வாங்கிக் கட்டுவான்? கைக்காசைப் போட்டு, பத்து ஆண்டில் அறை அறையாகக் கட்டுகிறான். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சிமெண்ட் உற்பத்தியாளர் இருக்கும் நாட்டில் 2024 தொடக்கத்தில் ஒரு மூட்டை சிமெண்ட் பத்தாயிரம் நைராவைத் தாண்டியது. அடித்தளம் தோண்டினால் ‘நிலத்தின் பிள்ளைகள்’ என்று சொல்லிக்கொண்டு ஓமோ ஒனிலே கும்பல் வந்து மாமூல் கேட்கும். கூரை போட்டால் மறுபடி வரும். அவர்களுக்கு எதிராக 2016 இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. குடிவந்தவர் வாடகை தராவிட்டால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். எல்லாம் உண்மை. ஆனால் வங்கியின் குற்றம், ரவுடியின் குற்றம், நீதிமன்றத்தின் குற்றம் அத்தனையையும் கூட்டி, கீழே கோடு போட்டு, மொத்தத் தொகையை ஏன் அந்த ஓட்டல் சிப்பந்தியின் பெயரில் எழுதுகிறீர்கள்? அவர் எந்த வங்கியை நடத்தினார்?

பணம் இருந்தாலும் வீடு கிடைத்துவிடாது. தனியாக வாழும் பெண்ணா, கூடாது. எந்த இனம், எந்த ஊர், எந்தத் தேவாலயம் என்று விசாரணை நடக்கும். ‘ஃபேமிலிக்கு மட்டும்’ பலகையைத் தாண்டி வந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சட்டம் இருக்கிறது, அதுவும் ரசித்துப் படிக்கும்படி இருக்கிறது. ஒரு காலத்தில் லாகோஸ் வீட்டுக்காரர்கள் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு வாடகையை மொத்தமாகக் கேட்டார்கள். 2011 ஆகஸ்டில் ஆளுநர் பாபதுண்டே ஃபஷோலா குடிவாடகைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். புதிதாகக் குடிவருபவரிடம் ஓராண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றது சட்டம். மீறினால் ஒரு லட்சம் நைரா அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை. நல்ல சட்டம் என்று கைதட்டப் போகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். தண்டனை வாங்கியவருக்கு மட்டும் இல்லை, கொடுத்தவருக்கும் உண்டு! மழைக்காலத்தில் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பவன், இரண்டு ஆண்டு வாடகை கொடுத்தால்தான் சாவி என்கிறவனிடம் வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டு, பிறகு நீதிமன்றத்துக்குப் போய் ‘ஐயா, நானும் குற்றவாளி, இவரும் குற்றவாளி’ என்று புகார் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் புகார் கொடுத்திருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். இரண்டு ஆண்டு கேட்கும் வழக்கம் மட்டும் சாகவில்லை.

அந்த ஒரு லட்சம் நைராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 இல் அது அறுநூறு டாலருக்கு மேல். 2024 இல் எழுபது டாலர்கூடத் தேறாது. ரொட்டி ஏறியது, பெட்ரோல் ஏறியது, வாடகை பல மடங்கு ஏறியது. இத்தனை ஆண்டும் ஆசைக்கு இடம் கொடுக்காமல், சட்டப் புத்தகத்தில் எழுதிய இடத்திலேயே கைகட்டி உட்கார்ந்திருந்த ஒரே தொகை அந்த அபராதம்தான். ஒழுக்கம் என்றால் அது.

சட்டத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அது லாகோஸ் மாநிலம் முழுமைக்கும் பொருந்தும், நாலு இடங்களைத் தவிர. அபாபா, இக்கெஜாவின் அரசுக் குடியிருப்புப் பகுதி, இக்கோயி, விக்டோரியா ஐலண்ட். நகரத்தின் பெரிய மனிதர்கள் குடியிருக்கும் இடங்களாகப் பார்த்துச் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

சட்டம் நுழையாத அந்த இக்கோயியில் 2017 ஏப்ரலில் ஒரு சம்பவம் நடந்தது. ஆஸ்போர்ன் டவர்ஸ் என்ற அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்டைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு திறந்து பார்த்தது. உள்ளே அலமாரி அலமாரியாக 4 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம். கூடவே கொஞ்சம் பவுண்டு, கொஞ்சம் நைரா, சில்லறைக்கு வேண்டியிருக்கும் அல்லவா? நாட்டின் உளவு நிறுவனம் அது தங்கள் பணம் என்று உரிமை கொண்டாடியது. அதன் தலைவர் பதவி இழந்தார். அன்றைய மதிப்பில் சுமார் 1,300 கோடி நைரா. நாளுக்கு 1,000 நைரா வீதம் கோலோவில் போட்டால் சேர்வதற்கு 35,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வீட்டுக்காகச் சேமிப்பது எப்படி என்றுதானே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்? வீட்டையே உண்டியலாக்கிக்கொண்ட மகான்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். எந்த ஆலோசகரும் அவர்களைப் பேட்டி காணவில்லை.

வாடகை கட்டத் தேவையில்லாத வீடும் ஒன்று உண்டு. அபுஜாவில் துணை அதிபருக்கான மாளிகை 2024 ஜூனில் திறப்பு விழா கண்டது. செலவு 2,100 கோடி நைரா. அடுத்த மாதம்தான் அந்த 70,000 நைரா சம்பளச் சட்டம் வந்தது. ஒரு கடைநிலை ஊழியர் சுயா தின்னாமல், அம்மாவுக்கு அனுப்பாமல், ஒரு நைராகூடச் செலவழிக்காமல் 25,000 ஆண்டு உழைத்தால் இப்படி ஒன்றைக் கட்டிவிடலாம். கணக்கு மிகச் சரியாக வகுபடுகிறது, மீதமே இல்லை.

நியாயமாக ஒருவரைச் சொல்ல வேண்டும். 1979 முதல் 1983 வரை லாகோஸின் ஆளுநராக இருந்த லத்தீஃப் ஜக்கண்டே ஆயிரக்கணக்கில் மலிவு விலை வீடுகளைக் கட்டினார். தான் மட்டும் அரசு மாளிகைக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே இருந்தார், சொந்தக் காரிலேயே போனார். அந்தக் குடியிருப்புகளை இன்றும் மக்கள் ஜக்கண்டே எஸ்டேட் என்றுதான் சொல்கிறார்கள். 1983 டிசம்பர் கடைசியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதோடு அந்த நோய் குணமாகிவிட்டது.

ஆண்டு வாடகைக்கு வக்கில்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஒரு நடைபாதைக்கு இரண்டு பக்கமும் அறைகள், எதிரெதிர்க் கதவுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். ‘நீ என் முகத்தைப் பார், நான் உன் முகத்தைப் பார்க்கிறேன்’ என்று அந்த வீடுகளுக்குப் பெயர். அதற்கும் ஆண்டு வாடகைதான். அதுவும் முடியாதவர்கள் காயலோரச் சதுப்பில் பலகை அடித்து உட்கார்ந்தார்கள். மரோக்கோ என்ற ஊர் அப்படி வளர்ந்தது, சுமார் மூன்று லட்சம் பேர். 1990 ஜூலையில் ராணுவ ஆளுநர் ராஜி ரசாக்கி அவர்களுக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். பிறகு இயந்திரங்கள் வந்தன. அந்த நிலம் இன்று விக்டோரியா ஐலண்டின் நீட்சி; ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கச் சேமித்தாலும் நுழைய முடியாத விலை. 2016 நவம்பரிலும் 2017 ஏப்ரலிலும் ஒட்டோடோ பாமே என்ற மீனவக் குடியிருப்புக்கு அதே கதி. சுமார் முப்பதாயிரம் பேர். இந்த முறை நீதிமன்றத் தடை உத்தரவே இருந்தது. தடையையும் சேர்த்து இடித்தார்கள். தண்ணீரில் குதித்துத் தப்பியவர்களிடம் யாராவது போய்ப் பட்ஜெட் போடக் கற்றுக்கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

சரி, குறை மட்டும் சொன்னால் எப்படி, யோசனை ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஆண்டு வாடகை அப்படியே இருக்கட்டும், கை வைக்க வேண்டாம். சம்பளத்தை மட்டும் மாற்றுங்கள். ஜனவரி முதல் தேதி காலையில், வேலைக்கு வந்து உட்காரும் முன்பே, பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் ஒரே தவணையில் எண்ணி வைத்துவிடுங்கள். கூடவே பத்து சதவீதம் தரகு, பத்து சதவீதம் பத்திரச் செலவு, முதலாளி ஏதாவது உடைத்துவிட்டால் என்று ஒரு காப்புத்தொகை. இதைச் சொன்னதும் முதலாளிமார்கள் கொதிப்பார்கள். ‘அவ்வளவு பணத்துக்கு ஒரே நாளில் நாங்கள் எங்கே போவது? நடுவில் நீ ஓடிவிட்டால் யார் பொறுப்பு? இன்னும் செய்யாத வேலைக்கு எதற்கு இப்போதே காசு? அந்தப் பணத்துக்கு எங்களுக்கு வட்டி நஷ்டமில்லையா?’

நாலும் நல்ல கேள்விகள். அப்படியே ஒரு தாளில் எழுதி, கீழே வாடகைதாரர் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரரிடம் நீட்டலாம். பதிலுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். ஆண்டு வாடகைக்காரருக்கு ஆறு மாத அவகாசம் தர வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆறு மாதத்துக்குள் அடுத்த வீட்டுக்கான ஓராண்டு வாடகையைச் சேர்த்துவிட வேண்டியது, வேறென்ன, உங்கள் ஒழுக்கத்தைப் பொறுத்தது.